குதிரைக்கும் சேர்த்து ஓர் இருப்பிடம்

கிராமப்புறத்தில் குடியேற விரும்பும் குதிரை வளர்ப்போர் நிலம் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தென்னகக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டின் குதிரை வாணிகத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் பெரும்பொருள் கொடுத்து வாங்கப்பட்டன. ஆயினும் அவற்றுள் மிகப் பலவும் நெடுநாள் உயிரோடு இருக்கவில்லை. குதிரையைப் பேணத் தெரிந்தவர்கள் இல்லை. லாடம் அடிப்பவர்கள் இல்லை. கொடுக்கப்பட்ட உணவும் அதற்கு ஒவ்வவில்லை. விற்பனை குறைந்துவிடக் கூடாது என்பதற்காகவே வணிகர்கள் அத்தகைய ஆட்களை அந்நாட்டுக்குச் செல்லவிடாமல் தடுத்தார்கள் என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் குறிப்பில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. குதிரையின் விலையை ஒருமுறைதான் கொடுக்கிறோம். அது நிற்கும் இடத்தின் விலையை ஒவ்வொரு நாளும் கொடுக்கிறோம்.

2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து ஏறத்தாழ 3.4 லட்சமே. முந்தைய கணக்கெடுப்பைக் காட்டிலும் இது 45 விழுக்காட்டுக்கும் மேலான வீழ்ச்சி. வண்டி இழுக்கும் குதிரைகள் மறைந்து வருகின்றன. மறுபுறம், விருப்பத்துக்காகவும் சவாரிப் பயிற்சிக்காகவும் இனப்பெருக்கத்துக்காகவும் மார்வாரி, கத்தியவாரி முதலிய இனங்களை வளர்ப்போர் நம் வாடிக்கையாளர்களிடையேயும் இருக்கிறார்கள். அந்தியூர், புஷ்கர், சாரங்கேடா போன்ற சந்தைகளில் குதிரையை வாங்கிவிட்டு, அதன்பின் நிலம் தேடி எங்கள் கிளைகளுக்கு வருவோரும் உண்டு. பணி ஓய்வுக்குப் பின் ஊர்ப்புறத்தில் குதிரையோடு வாழ வேண்டும் என்பது அவர்களுள் பலரின் நெடுநாள் கனவு.

அவ்வாறு வருவோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்கிறார்கள். ஏக்கர் என்ன விலை? கடன் எவ்வளவு கிடைக்கும்? இவ்விரண்டுக்கும் முன்பாகக் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன. முதலில் குதிரையின் உடல் கேட்பதைப் பார்க்க வேண்டும், அடுத்து நிலத்தின் ஆவணங்களை, வீடு கடைசியில்தான். இந்த வரிசை தலைகீழாகும்போதுதான் பணமும் போகிறது, சில வேளைகளில் குதிரையும் போகிறது.

தண்ணீரும் மண்ணும்

ஏறத்தாழ 400 கிலோ எடையுள்ள குதிரைக்குச் சாதாரண நாளில் 25 முதல் 40 லிட்டர் வரை குடிநீர் தேவைப்படும். கோடையிலும் வேலை மிகுந்த நாள்களிலும் இது கூடும். கழுவுதல், லாயத்தைத் துப்புரவு செய்தல் ஆகியவை தனி. எனவே நிலத்தை மார்கழியில் பார்த்துவிட்டு முடிவு செய்தல் ஆகாது. சித்திரை, வைகாசி மாதங்களில் கிணற்றில் எவ்வளவு நீர் நிற்கிறது, ஆழ்துளைக் கிணறு எத்தனை மணி நேரம் தொடர்ந்து இறைக்கிறது என்பதை நேரில் காண வேண்டும். விற்பவரை மட்டும் கேட்காமல், பக்கத்து நிலத்தாரையும் கேட்க வேண்டும். உப்பு மிகுந்த நீரைக் குதிரை போதுமான அளவு குடிக்காது. அவ்வாறு குறைவாகக் குடிப்பது பல நோய்களுக்குத் தொடக்கம். நீர் மாதிரியை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்க ஆகும் செலவு, நிலத்தின் விலையோடு ஒப்பிட்டால் ஒரு பொருட்டே அன்று.

அடுத்து மண். மழைநீர் விரைவில் வடியும் செம்மண்ணும் மென்மையான சரளை கலந்த மண்ணும் குளம்புக்கு ஏற்றவை. கரிசல் நிலம் பயிருக்கு அருமையானது. ஆனால் மழைக்காலத்தில் முழங்கால் அளவு சேறாகிவிடும். நாள்கணக்கில் ஈரத்தில் நிற்கும் குளம்பின் அடிப்பகுதி அழுகத் தொடங்கும். மாறாக, ஆற்றோரத்து மணற்பாங்கான நிலத்தில் தீவனத்தைத் தரையில் போட்டால், அதனோடு மணலும் உள்ளே சென்று குடலில் தங்கி வயிற்றுவலியை உண்டாக்கும். கரிசலோ மணலோ குதிரைக்கு அறவே ஆகாது என்பதில்லை. கரிசலில் லாயத்தையும் நடமாடும் இடத்தையும் மேடாக்கிச் சரளை பரப்ப வேண்டும்; மணலில் தீவனத் தொட்டி கட்ட வேண்டும். அந்தச் செலவை விலை பேசும்போதே கணக்கில் கொள்ள வேண்டும்.

தீவனக் கணக்கும் எளியதே. குதிரை நாளொன்றுக்குத் தன் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு உலர்பொருள் உண்ணும். 400 கிலோ குதிரைக்கு 8 கிலோ. ஓராண்டுக்கு ஏறத்தாழ 3 டன். மானாவாரி நிலத்தின் மேய்ச்சல் நம் நாட்டில் மழையை ஒட்டிய சில மாதங்களுக்கே கைகொடுக்கும். எஞ்சிய காலத்துக்குப் பாசன வசதியுள்ள சிறு பகுதியில் புல் வளர்க்க வேண்டும், அல்லது விலைக்கு வாங்க வேண்டும். மாடு வளர்ப்போர் விரும்பும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லில் ஆக்சலேட் மிகுதி. அதை மட்டுமே தொடர்ந்து கொடுத்தால் குதிரைக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு கெடும். குதிரைமசால் போன்ற பயறுவகைத் தீவனத்தையும் கலந்து கொடுக்க வேண்டும். தன் பெயரிலேயே குதிரையைச் சுமந்திருக்கும் இந்தப் பயிருக்கும் வடிகால் உள்ள மண்ணும் பாசனமும் வேண்டும்.

காற்றும் வெப்பமும்

குதிரை தன் உடல் வெப்பத்தை வியர்வையின் வழியே தணித்துக்கொள்ளும் விலங்கு. வறண்ட வெப்பத்தை அது பெரிதும் தாங்கும். தார்ப் பாலைவனத்து மார்வாரி இனமே இதற்குச் சான்று. ஆனால் புழுக்கம் மிகுந்த கடலோரங்களில் வியர்வை உலர்வதில்லை. நெடுநாள் அத்தகைய இடத்தில் இருக்கும் சில குதிரைகள் வியர்க்கும் ஆற்றலையே இழந்துவிடுகின்றன. பந்தயக் குதிரைப் பண்ணைகள் பல புனே வட்டாரத்திலும், திப்பு சுல்தான் காலத்தோடு தொடர்புடைய பண்ணை கர்நாடகத்தின் குணிகலிலும் அமைந்திருப்பதை நோக்குக. இவை தக்காணத்து மேட்டு நிலங்கள். இரவில் குளிரும் பகுதிகள். கடலோரத்தில்தான் வாழ வேண்டும் என்பவர்கள் லாயத்தின் உயரத்திலும் காற்றோட்டத்திலும் கூடுதலாகச் செலவிட ஆயத்தமாக இருக்க வேண்டும்.

ஒரு குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி அறை என்பது வழக்கமான அளவு. தகரக் கூரை மலிவு. ஆனால் கோடையில் அடுப்பாகும். ஓடு அல்லது கீற்று வேய்ந்த கூரையே நம் வெயிலுக்கு ஏற்றது. வேலியைப் பொறுத்தவரை, முள்கம்பி வேலி ஏற்கெனவே போடப்பட்டிருப்பதை நிலத்தின் சிறப்பாக விற்பவர் கூறுவார். குதிரை அஞ்சி ஓடும் விலங்கு. முள்கம்பியில் மோதினால் தோலும் தசைநாரும் கிழியும். அந்த வேலியை அகற்றி மரச்சட்டமோ குழாயோ அமைக்கும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்க.

அரை மணி நேர வட்டம்

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் ஓய்வுபெற்றபோது கிடைத்த தொகையில் இரண்டு ஏக்கர் வாங்கினார். மலையடிவாரம், நல்ல காற்று, கிணற்றில் நீர். விலையும் பக்கத்து ஊரைவிடக் குறைவு. தார்ச்சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் வண்டிப்பாதை என்பது ஒன்றே குறை. முதல் ஆண்டு இன்பமாகக் கழிந்தது. இரண்டாம் ஆண்டு ஐப்பசி மழையில், இரவு ஒன்பது மணிக்கு அவருடைய பெண்குதிரை வயிற்றுவலியில் புரளத் தொடங்கியது. தொலைபேசி இணைப்புக் கிடைக்கும் மேட்டுக்கு நடந்து சென்று மருத்துவரை அழைத்தார். மருத்துவர் தயங்காமல் புறப்பட்டார். ஆனால் அவருடைய வண்டி ஓடைக்கு அப்பால் நின்றுவிட்டது. பெட்டியைத் தோளில் சுமந்து அவர் நடந்து வந்து சேர்ந்தபோது நள்ளிரவு கடந்திருந்தது. விடியுமுன் குதிரை இறந்துவிட்டது.

குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. வயிற்றில் சேரும் வாயுவும் நீரும் வெளியேற வழியின்றி இரைப்பையே வெடிக்கக்கூடும். குடல் முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போகும். மருத்துவர் குழாய் செலுத்தி வயிற்றைக் காலி செய்வதே பல வேளைகளில் உயிர் காக்கும் முதல் உதவி. சில மாதங்கள் கழித்து அந்த நிலத்தை விற்பதற்கான ஆவணங்களோடு அவர் எங்களிடம் வந்தார். ஏக்கருக்கு மிச்சம் பிடித்த தொகையைச் சொல்லி, “அந்த இரண்டு கிலோமீட்டரை நான் விலையில் சேர்க்கவில்லை” என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எனவே வரைபடத்தில் நீங்கள் விரும்பும் நிலத்தை மையமாக வைத்து, வண்டியில் அரை மணி நேரத்தில் எட்டக்கூடிய வட்டம் ஒன்றை வரைந்துகொள்க. அந்த வட்டத்துக்குள் பின்வருவன இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

முதலாவது, குதிரைக்கு மருத்துவம் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர். எல்லா ஊர்களிலும் கால்நடை மருந்தகம் உண்டு. ஆனால் மாடும் ஆடும் மட்டுமே வரும் இடத்தில் குதிரைக்கான நீண்ட வயிற்றுக்குழாய் இருக்கும் என்று உறுதி கூற முடியாது. நேரில் சென்று கேட்க வேண்டும். கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று எத்தனை தொலைவில் உள்ளது என்பதும் முக்கியம்.

இரண்டாவது, லாடம் அடிப்பவர். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்க வேண்டும். ஆண்டுக்கு ஏழெட்டு முறை அவர் வந்து போகும் தொலைவில் நீங்கள் இருக்க வேண்டும். மாட்டுக்கு லாடம் கட்டுவதும் குதிரைக்கு அடிப்பதும் ஒரே தொழில் அன்று.

மூன்றாவது, குதிரைக்காரரின் குடும்பம். இதை நினைப்பவர் மிகச் சிலர். குதிரையை நாள்தோறும் பார்த்துக்கொள்ளும் பணியாளருக்கும் மனைவி மக்கள் உண்டு. பிள்ளைகளுக்குப் பள்ளி, நோய்க்கு மருத்துவமனை, பேருந்து ஆகியவை இல்லாத இடத்தில் நல்ல பணியாளர் ஓராண்டுக்குமேல் தங்கமாட்டார். அவர் போன மறுநாள் காலையில் லாயத்தில் நிற்கப்போவது நீங்கள்தான்.

இந்த வட்டத்தை ஒரு பகலில், வெயிலில், கோடையில் மட்டும் அளக்க வேண்டாம். மழை பெய்யும் நாளில், இருட்டிய பின், அந்தப் பாதையில் ஒருமுறை வண்டியில் சென்று வர வேண்டும். குதிரையை ஏற்றிய வாகனம் திரும்புவதற்கு இடம் உள்ளதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மலிவின் கணக்கு

வங்கியாளரின் கண்ணோட்டத்தில் ஓர் எடுத்துக்காட்டு. எண்கள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை. உங்கள் வட்டார விலைகளை இட்டு நீங்களே கணக்கிடலாம்.

தொலைவில் உள்ள இரண்டு ஏக்கர் நிலம் ஏக்கருக்கு 3 லட்சம் ரூபாய் குறைவு என்று கொள்வோம். மிச்சம் 6 லட்சம். இதை 7 விழுக்காடு வட்டியில் வைப்பாக வைத்தால் ஆண்டுக்கு 42,000 ரூபாய் கிடைக்கும். இனி மறுபக்கம். இரண்டு குதிரைகளுக்கு ஆண்டுக்கு 6 டன் தீவனம். கிலோவுக்கு 2 ரூபாய் கூடுதல் வண்டிச்சத்தம் என்றால் 12,000 ரூபாய். லாடம் அடிப்பவரின் எட்டுப் பயணங்களுக்குத் தலா 1,500 ரூபாய் கூடுதல் என்றால் மேலும் 12,000. கோடையில் மூன்று மாதம், மாதம் நான்கு லாரித் தண்ணீர், லாரி 1,500 ரூபாய் என்றால் 18,000. மொத்தம் 42,000 ரூபாய். மிச்சம் பிடித்த தொகையின் வட்டி முழுவதும் இங்கேயே தீர்ந்துவிட்டது. பணியாளருக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய ஊதியமும், அந்த ஐப்பசி இரவு போன்ற ஓர் இரவின் விலையும் இக்கணக்கில் சேரவில்லை.

நிலத்தை வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டா?

இந்தியாவில் வேளாண் நிலத்தை வாங்குவதற்கான சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் விவசாயி அல்லாதவர் உரிய அனுமதியின்றி வேளாண் நிலம் வாங்க இயலாது. கர்நாடகத்தில் இருந்த இத்தகைய தடை 2020-இல் நீக்கப்பட்டது. இமாச்சலப் பிரதேசத்தில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு, விவசாயி அல்லாதவருக்கு நிலம் மாற்றப்படுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. உத்தராகண்டத்தில் வெளிமாநிலத்தவர் வேளாண் நிலம் வாங்குவதற்கான விதிகள் 2025-இல் மேலும் இறுக்கப்பட்டன. கேரளத்தில் வாங்குவதைவிட மாற்றுவதே சிக்கல். 2008-ஆம் ஆண்டுச் சட்டம் நெல்வயலையும் ஈரநிலத்தையும் வேறு பயனுக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. ராஜஸ்தானில் பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் வேளாண் நிலத்தை அப்பிரிவைச் சேராதவர் வாங்கினால் அது செல்லாது.

தமிழ்நாட்டில் விவசாயியாக இருந்தால்தான் வாங்கலாம் என்ற நிபந்தனை இல்லை. நில உச்சவரம்புச் சட்டம் உண்டு. பஞ்சமி நிலம், பூதான நிலம், கோயில் நிலம் ஆகியவற்றைக் குறித்து மிகுந்த விழிப்பு வேண்டும். பலமுறை கைமாறி, பட்டாவும் பெற்றுவிட்ட நிலத்திலும் இந்தக் குறை உள்ளே மறைந்திருக்கக்கூடும்.

வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கு ஒரு குறிப்பு. அந்நியச் செலாவணி விதிகளின்படி அவர்கள் வீடும் வணிகக் கட்டடமும் வாங்கலாம். வேளாண் நிலம், தோட்டப்பயிர் நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க இயலாது. தாயகம் திரும்பியபின் வாழ்வதற்காக என்று இப்போதே வாங்க முனைவது விதிமீறலாகும்.

கடன் எதற்குக் கிடைக்கும்?

வேளாண் நிலத்தில் வீடு கட்ட வீட்டுக்கடன் கேட்டு வருவோரை நாங்கள் திருப்பியனுப்ப நேர்கிறது. அதற்கான காரணத்தை அறிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும். வாராக்கடனுக்கு ஈடான சொத்தை நீதிமன்றத்துக்குச் செல்லாமலே கையகப்படுத்த வங்கிகளுக்கு உரிமை தருவது 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம். அச்சட்டத்தின் 31-ஆம் பிரிவு வேளாண் நிலத்துக்கு விலக்கு அளிக்கிறது. விவசாயியைக் காக்க இயற்றப்பட்ட விலக்கு அது. அதனாலேயே வேளாண் நிலத்தை வீட்டுக்கடனுக்கு ஈடாக ஏற்க வங்கிகள் முன்வருவதில்லை.

இதை அறியாமல் முன்பணம் கொடுத்துவிட்டுப் பின்னர் கடனுக்கு வருவோர் பலர். ஒப்பந்தக் காலத்துக்குள் மீதித் தொகையைத் திரட்ட முடியாமல் முன்பணத்தை இழந்தோரையும் கண்டிருக்கிறோம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பு ஆவண நகல்களோடு கிளைக்கு வருக என்பதே எங்கள் முதல் வேண்டுகோள்.

மொத்த நிலத்தையும் வேளாண்மை அல்லாத பயனுக்கு மாற்றிவிடுவதும் அறிவுடைமை ஆகாது. வீட்டுக்குத் தேவையான சில சென்ட் இடத்தை மட்டும் தனி உட்பிரிவாக்கி, அதற்குப் பொதுப்பாதை வரை தெளிவான வழியுரிமை அமைத்து, உரிய அனுமதியோடு பயன்பாடு மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பகுதியை வீட்டுக்கடனுக்கு ஈடாக வைக்கலாம். எஞ்சிய நிலம் தீவனம் விளையும் வேளாண் நிலமாகவே தொடரும். நன்செய்யை மாற்றுவது புன்செய்யை மாற்றுவதைவிடக் கடினம் என்பதை நினைவில் கொள்க.

ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக்கடன் சொத்து மதிப்பில் 90 விழுக்காட்டைத் தாண்டலாகாது. 30 முதல் 75 லட்சம் வரை 80 விழுக்காடு. அதற்குமேல் 75 விழுக்காடு. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் பொதுவாக இம்மதிப்பில் சேரா. கிணறு, நீர்ப்பாசனக் குழாய், தீவனப் பயிர் ஆகியவற்றுக்கு வேளாண் கடன்கள் தனியே உள்ளன.

ஆவணங்களும் பாதையும்

தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், கர்நாடகத்தில் பஹணி, மகாராஷ்டிரத்தில் ஏழு-பன்னிரண்டு சாற்று, ராஜஸ்தானில் ஜமாபந்தி. பெயர்கள் வேறானாலும் அவை சொல்வது ஒன்றே: நிலம் யாருடையது, என்ன வகை, யார் பயிரிடுகிறார். இவற்றோடு குறைந்தது 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்றையும் பெற வேண்டும். மூலப்பத்திரத்தின் அசலைக் கண்ணால் காணாமல் பணம் கொடுத்தல் கூடாது. நகல் மட்டுமே இருக்கிறது என்று விற்பவர் கூறினால், அசல் வேறோர் இடத்தில் அடகில் இருக்கலாம். ஈடுகளுக்கான மத்தியப் பதிவகத்தின் பதிவேட்டில் தேடிப் பார்ப்பது இதற்கு உதவும்.

பாதையே குதிரை வளர்ப்போருக்கு உயிர்நாடி. புலப்படத்தில் வண்டிப்பாதை காட்டப்பட்டுள்ளதா, அல்லது பக்கத்து நிலத்தார் இசைவால் மட்டும் போய்வருகிறார்களா என்று பார்க்க வேண்டும். இசைவு இன்று இருக்கும். அந்த நிலம் கைமாறினால் நாளை இராது. வழியுரிமை கிரையப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். பம்புசெட்டுக்கான வேளாண் மின்னிணைப்பை வீட்டுக்கும் லாயத்துக்கும் இழுத்துக்கொள்வது விதிமீறல். அவற்றுக்கு உரிய இணைப்பைத் தனியே பெறுக.

அக்கம்பக்கம்

வேலிக்கு அப்பாலும் பார்வை செல்ல வேண்டும். அரளியின் சில இலைகளே குதிரையைக் கொல்லப் போதுமானவை. ஆமணக்கு விதையும் அத்தகையதே. பக்கத்து நிலத்தின் வரப்பில் இவை வேலியாக நிற்கின்றனவா? பூச்சிமருந்து தெளிக்கும் தோட்டம் காற்றடிக்கும் திசையில் இருக்கிறதா? மாடுகள் கூடும் தேங்கிய குட்டை அருகில் இருந்தால் அங்கே பெருகும் மாட்டு ஈக்கள் சர்ரா என்னும் இரத்த ஒட்டுண்ணி நோயைப் பரப்பும். செங்கற்சூளைகளில் உழைக்கும் கழுதைகளும் கோவேறு கழுதைகளும் குதிரைக்கு நெருங்கிய இனம். அவற்றின் நோய்கள் குதிரைக்கும் வரும். கிளாண்டர்ஸ் என்னும் கொடிய தொற்று மனிதருக்கும் பரவக்கூடியது. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயமாக அரசுக்கு அறிவிக்க வேண்டியது. அரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இத்தகைய நோய்களைக் கண்டறியும் பணியைச் செய்கிறது. சந்தையிலிருந்து வரும் புதிய குதிரையைச் சில வாரங்கள் தனியே நிறுத்துவதற்கு லாயத்திலிருந்து விலகிய ஓரிடம் உங்கள் நிலத்தில் இருக்க வேண்டும்.

அக்கம்பக்கத்தாருக்கும் நாம் அயலார் என்பதை மறத்தல் கூடாது. ஒரு குதிரை நாளொன்றுக்கு லத்தியும் சிறுநீருமாக ஏறத்தாழ 20 கிலோ கழிவைத் தரும். ஆண்டுக்கு 7 டன். அதை அவர்களுடைய கிணற்றுக்கு அருகே குவித்தால் பகை. மட்கவைத்து உரமாகக் கொடுத்தால் நட்பு. நள்ளிரவில் ஓடையைக் கடக்க ஒரு டிராக்டர் தேவைப்படும்போது அந்த நட்பே வந்து நிற்கும்.

வரியும் உதவியும்

வேளாண் நிலத்தில் வளர்ப்பதாலேயே குதிரை இனப்பெருக்க வருமானம் வேளாண் வருமானம் ஆகிவிடாது. சவாரிப் பயிற்சிக் கட்டணமும், பிறர் குதிரைகளைப் பராமரிக்கப் பெறும் தொகையும் வணிக வருமானமே. நிலத்தில் விளைந்த தீவனத்தை விற்றுக் கிடைப்பது வேளாண் வருமானம். நிலத்தைப் பிற்காலத்தில் விற்கும்போது, ஊரக வேளாண் நிலமாக இருந்தால் மூலதன ஆதாய வரி இல்லை. அதற்கு நகராட்சி எல்லையிலிருந்து வான்வழித் தொலைவு பார்க்கப்படுகிறது: மக்கள்தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரையுள்ள ஊரானால் 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை 6, அதற்குமேல் 8. நிலம் இத்தொலைவுக்கு அப்பால் இருக்க வேண்டும். மொத்த நிலத்தையும் பயன்பாடு மாற்றிவிட்டால் இந்தச் சலுகையும் போய்விடும்.

குதிரை வளர்ப்பைத் தொழிலாகவே செய்யக் கருதுவோருக்கு ஒரு நற்செய்தி. 2024 பிப்ரவரியில் தேசியக் கால்நடை இயக்கம் விரிவாக்கப்பட்டபோது குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகம் ஆகியவற்றுக்கான தொழில்முனைவும் சேர்க்கப்பட்டது. மூலதனச் செலவில் 50 விழுக்காடு, உச்சமாக 50 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. கால்நடைக் காப்பீட்டிலும் பயனாளியின் பங்கு பிரீமியத்தில் 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இவை பொழுதுபோக்குக்கானவை அல்ல. திட்ட அறிக்கையோடு விண்ணப்பிக்க வேண்டியவை.

நிறைவாக ஒன்று

வாங்குவதற்கு முன்பு, இயலுமாயின் அந்த வட்டாரத்திலேயே ஓராண்டு குத்தகைக்கோ வாடகைக்கோ இருந்து பாருங்கள். ஒரு கோடையும் ஒரு மழையும் கடந்தால் கிணறு, மண், பாதை, மருத்துவர், அயலார் யாவரையும் அறிந்துவிடலாம். அப்போதும் அந்த இடம் பிடித்திருந்தால் ஆவணங்களோடு எங்கள் கிளைக்கு வருக. அந்த ஓராண்டு வாடகையை வீண்செலவு என்று எண்ண வேண்டாம். ஐப்பசி இரவில் ஓடைக்கரையில் நின்றவரைக் கேட்டால், அதைவிடக் குறைந்த விலையில் எதையும் வாங்க முடியாது என்றே சொல்வார்.